“இது என் கரடி இல்ல”: குழந்தையின் பஞ்சுப் பொம்மையை வரையும்போது வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

பெரியவர் ஒருவரின் முகத்தை வரைந்து கொடுத்தால், மூக்கு கொஞ்சம் தப்பியிருந்தாலும் மரியாதைக்காவது “நல்லா இருக்கு” என்று வாங்கிக்கொள்வார். நாலு வயதுக் குழந்தையிடம் அதன் முயல் பொம்மையை வரைந்து நீட்டிப் பாருங்கள். ஒரே பார்வை. “இது என்னோடது இல்ல.” தீர்ப்பு வந்துவிட்டது, மேல்முறையீடு கிடையாது.

இப்படித் திரும்பி வந்த படங்களைத் திருத்தித் திருத்தி எனக்கு ஒரு வரிசை பிடிபட்டிருக்கிறது. உங்கள் படத்தில் தெரியும் கோளாறு எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் வருவது ஒரு ஸ்கேலும் இரண்டு நிமிடமும் கேட்கிற சோதனை. கடைசியில் வருவது தாளையே கேட்கும். நடுவில் தாவினால் ஒழுங்காக இருந்த இடத்தையும் கெடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் வாட்டர்கலரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். அக்ரிலிக்கும் ஆயிலும் மாறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

## கோளாறு 1: குழந்தை “இது என் பொம்மை இல்ல” என்கிறது

என்ன தப்பு என்று குழந்தையிடம் கேட்காதீர்கள், அதற்குச் சொல்லத் தெரியாது. “எங்க வேற மாதிரி இருக்கு? தொட்டுக் காட்டு” என்று கேளுங்கள். விரல் போகும் இடம்தான் அடுத்த படி.

விரல் முகத்துக்குப் போனால்

பத்தில் எட்டு முறை இதுதான். நிறத்தில் கை வைக்காதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். ஒரு துண்டுக் காகிதத்தின் ஓரத்தில் பொம்மையின் ஒரு கண்ணின் அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை அலகாக வைத்து நான்கு இடைவெளிகளைப் பாருங்கள்: இரண்டு கண்களுக்கு நடுவே, கண்ணிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து வாய்த் தையலுக்கு, கண்ணிலிருந்து காது தொடங்கும் இடத்துக்கு. பிறகு படத்திலுள்ள கண்ணை அலகாக வைத்து அதே நான்கையும் அளங்கள். பஞ்சுப் பொம்மைக்குப் புருவம் இல்லை, கன்னம் இல்லை, உதடு இல்லை. அதன் முகபாவம் முழுவதும் இந்த நான்கு இடைவெளிகளில்தான் இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் முகத்தில் கண் இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறினால் சாந்தமான கரடி திடுக்கிட்ட கரடியாகிவிடும்.

அளவு சரியாக வந்தால் அடுத்த சந்தேகம், நீங்கள் இரண்டு பக்கத்தையும் சமமாக வரைந்துவிட்டீர்களா என்பது. கை தானாகவே அப்படிச் செய்யும். மூன்று வருடம் கட்டிப்பிடித்துத் தூங்கப்பட்ட பொம்மையில் எதுவும் சமமாக இருக்காது. ஒரு காது தொங்கும், ஒரு கண்ணின் நூல் தளர்ந்து லேசாகக் கீழே இறங்கியிருக்கும், வாய்த் தையல் ஒரு பக்கம் பிரிந்து பாதிச் சிரிப்பாக நிற்கும். படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். பொம்மையையும் அதே கண்ணாடியில் பாருங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

விரல் உடம்புக்குப் போனால்

பஞ்சு நகர்ந்திருப்பதைக் கவனிக்கவில்லை என்று பொருள். குழந்தை எங்கே பிடித்துத் தூக்குமோ அங்கே பஞ்சு இருக்காது. கழுத்தைப் பிடித்துத் தூக்கும் குழந்தையின் பொம்மைக்குத் தலை ஒரு பக்கம் விழும். கையைப் பிடித்து இழுத்துப்போகும் குழந்தையின் பொம்மைக்கு அந்தக் கை மட்டும் மெலிந்து நீளும். பின்னால் புத்தகத்தை முட்டுக்கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தீர்களா? எடுத்துவிடுங்கள். அது எப்படிச் சரிந்து விழுகிறதோ, அதுதான் அதன் உட்காரும் முறை. உடம்பு மட்டும் தப்பு என்றால் முகத்தை விட்டுவிட்டு மீதியை ஈரத் தூரிகையால் எடுத்துத் திருத்தலாம்.

விரல் எங்கும் போகாமல் தலையை மட்டும் ஆட்டினால்

புகைப்படத்தைச் சந்தேகப்படுங்கள். பொம்மை சின்னது என்பதால் போனை முப்பது சென்டிமீட்டர் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்திருப்பீர்கள். அப்படி எடுத்தால் மூக்கு பெருத்து, காது சிறுத்து, எந்தக் கரடியும் எலி மாதிரி ஆகிவிடும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் வைத்து எடுங்கள். போன் பொம்மையின் கண் உயரத்தில் இருக்க வேண்டும், மேலேயிருந்து குனிந்து எடுக்கக் கூடாது. ஃபிளாஷ் வேண்டாம், ஒரு பக்கத்து ஜன்னல் வெளிச்சம் போதும். இந்தக் கோளாறுக்குத் திருத்தம் கிடையாது. புதுப் புகைப்படம், புது ஸ்கெட்ச், புதுத் தாள்.

எல்லாம் சரி, ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால்

பொம்மைக்கு வைத்தியம் பார்த்துவிட்டீர்கள். கறையை விட்டீர்கள், ஒட்டுத்துணியை விட்டீர்கள், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் லேபிளை அசிங்கம் என்று வரையாமலே விட்டீர்கள். அந்த லேபிளைத்தான் அந்தக் குழந்தை தூங்குவதற்கு முன் விரலால் தேய்த்துக்கொண்டிருக்கும்! நானும் இதில் அடி வாங்கியவன். ஒற்றைக்கண் யானை ஒன்றுக்கு, பெற்றோர் சந்தோஷப்படுவார்கள் என்று இரண்டாவது கண்ணையும் அழகாக வைத்துக் கொடுத்தேன். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். யானைக்குச் சொந்தக்காரி மட்டும் “இது யாரோட யானை?” என்று கேட்டாள். இப்போதெல்லாம் பென்சிலை எடுக்கும் முன்பே “இதுல எதை விட்டுடக் கூடாது?” என்று குழந்தையிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். பெற்றோர் ஒன்றும் குழந்தை ஒன்றும் சொன்னால், குழந்தை சொல்வதுதான் கணக்கு.

## கோளாறு 2: பொம்மையே கைக்கு வரவில்லை, அல்லது மாறிப்போய் வந்திருக்கிறது

குழந்தை தர மறுத்தால் பிடுங்காதீர்கள், ராத்திரிக்கு வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. குழந்தையின் மடியிலேயே வைத்து இருபது நிமிடம் புகைப்படம் எடுத்தால் போதும்: முன், பக்கம், முக்கால் பக்கம், முகம் மட்டும், காதின் உள்புறம், ஒவ்வொரு தையலும் ஒட்டும். ஒரு படத்திலாவது பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும். கண் இடைவெளியை அங்கேயே காகிதத் துண்டில் எடுத்துவிடுங்கள்.

மாறிப்போய் வருவது இன்னும் மோசம். படம் வரையக் கொடுக்கப் போகிறோமே என்று நல்லெண்ணத்தில் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவருவார்கள். ரோமம் பொங்கி நிற்கும், பஞ்சு கட்டிக்கட்டியாகத் திரண்டிருக்கும், முகமே வேறு. முன்கூட்டியே “துவைக்காமக் கொண்டு வாங்க” என்று சொல்லிவிடுங்கள். துவைத்துவிட்டார்களா? குழந்தையிடமே திருப்பிக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து வாங்குங்கள், அது தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும்.

தொலைந்துபோன பொம்மை என்றால் வீட்டிலுள்ள எல்லாப் புகைப்படங்களையும் கேளுங்கள். பிறந்தநாள் படத்தின் மூலையில் கிடக்கும் ஒரு காதுகூட உதவும். அச்சுப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். இருப்பது ஒரே ஒரு கிழிந்த அல்லது மங்கிய படம் என்றால் பழைய புகைப்படம் புதுப்பிப்பவரிடம் முதலில் கொடுங்கள். ஊகித்து வரைந்தால் மறுபடியும் முதல் கோளாறுக்கே வந்து நிற்போம்.

## கோளாறு 3: கண் சரியில்லை

உயிரே இல்லாமல் இருந்தால்

ஒளிப்புள்ளியைப் பாருங்கள். இல்லையென்றால் வையுங்கள். நடுவில் இருந்தால் தப்பு, பெரிதாக இருந்தாலும் தப்பு. வெளிச்சம் இடது மேலிருந்து வந்தால் இரண்டு கண்ணிலும் கடிகாரத்தில் பத்து மணி நிற்கும் இடத்தில், ஓரம் கூர்மையாக, சின்னதாக இருக்க வேண்டும். தேன்நிறப் பிளாஸ்டிக் கண் என்றால், மேலே நுழைந்த வெளிச்சம் எதிர்ப்பக்கம் கீழே ஒரு மங்கலான பிறையாகத் தெரியும். அந்தப் பிறையைப் போடுங்கள், கண் உடனே உருண்டையாகிவிடும். தாளின் வெள்ளையை விட மறந்திருந்தால் கெட்டியான வெள்ளை குவாஷ் (கீழே இருப்பதை மறைக்கும் வாட்டர்கலர் வகை) ஒரு பொட்டு, அல்லது வெள்ளை ஜெல் பேனா.

ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருந்தால்

கண்ணின் மேல் விளிம்பில் ரோமம் கொஞ்சம் கவிந்து நிழல் போட வேண்டும். அது இல்லாமல் முழு வட்டமாக வரைந்திருப்பீர்கள். மேலே ஒரு மெல்லிய கறுப்பு நிழல், அதன் மேல் இரண்டு மூன்று முடி. முடிந்தது.

பயமாக இருந்தால்

மனிதக் கண் வரைந்திருக்கிறீர்கள். வெள்ளை விழி, இமை, பாவை (கண்மணி) எதுவும் பொம்மைக்கு வேண்டாம். இன்னொரு காரணம், எல்லாக் கண்ணுக்கும் ஒரே மாதிரி பளபளப்பைக் கொடுப்பது. நூலால் பின்னிய கண்ணில் ஒளிப்புள்ளியே கிடையாது. நூல் ஓடும் திசைக்குக் குறுக்கே ஒரு மெல்லிய மினுமினுப்புதான் தெரியும். கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக்கில் புள்ளி பரவி மங்கலாக நிற்கும். 1900-களின் தொடக்கத்தில் வந்த முதல் டெடி கரடிகளுக்குக் கண்ணாகத் தைத்தது ஷூ பட்டனை. தாத்தா காலத்துக் கரடி கைக்கு வந்தால் அந்தக் கண் வெறும் கறுப்புதான், நீங்களாகப் பாவை சேர்க்காதீர்கள்.

இரண்டு கண்ணும் இரண்டு திசையில் பார்த்தால்

பாவை இல்லாத கண்ணுக்குத் திசையைக் கொடுப்பது ஒளிப்புள்ளிதான். ஒன்றைக் கறுப்பால் மூடிவிட்டு, மற்றதைப் பார்த்து அதே இடத்தில் வையுங்கள்.

கண் கோளாறுக்கு யாரையும் கூப்பிட வேண்டிய அவசியம் வந்ததே இல்லை.

## கோளாறு 4: ரோமம் ரோமமாகத் தெரியவில்லை

முள்ளம்பன்றி மாதிரி இருந்தால்

ஒவ்வொரு முடியாக வரைந்திருக்கிறீர்கள். பொறுமைசாலிகளுக்கு வரும் நோய் இது. படத்தைக் கை தூரத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெளிச்சப் பகுதி, நிழல் பகுதி இரண்டும் பிரிந்து தெரிகிறதா? தெரியாவிட்டால் ஒரே நிழல் நிறத்தை நீர்க்கக் கரைத்து நிழல் பக்கம் முழுவதும் ஒரே வீச்சில் போடுங்கள், பாதி முடிகள் அதற்குள் அடங்கிவிடும். முடி தனித்தனியாகத் தெரிய வேண்டிய இடங்கள் இரண்டுதான்: வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோடு, வெளிக்கோட்டில் அங்கங்கே சில இடங்கள். அதற்கும் மெல்லிய புதுத் தூரிகையைவிட, முனை விரிந்துபோய் நீங்கள் தூக்கிப்போட நினைத்த பழைய தூரிகை நல்லது. பெயிண்டைத் துடைத்துவிட்டு அரை உலர்வாகத் தொடுங்கள்.

திசை குழம்பியிருந்தால்

புகைப்படத்தை அச்செடுத்து அதன்மேல் அம்புக்குறிகள் போடுங்கள். மூக்கைச் சுற்றி வெளிப்பக்கமாக, நெற்றியில் மேலே, வயிற்றில் கீழே என்று ஒவ்வொரு துணித்துண்டுக்கும் ஒரு திசை இருக்கும். இரண்டு துண்டு சேரும் தையலில் திசை சட்டென்று மாறும். அந்த மாற்றத்தைக் காட்டினாலே தையலைக் கோடாக வரைய வேண்டியதில்லை.

வழவழ உருண்டையாக இருந்தால்

வெளிக்கோடு முழுக்க ஒரே கூர்மையில் இருக்கிறது. நிழல் பக்கத்து ஓரத்தைச் சுத்தமான ஈரத் தூரிகையால் தொட்டுக் கரைத்துவிடுங்கள். வெளிச்சப் பக்கம் கூர்மையாகவே இருக்கட்டும்.

எந்த வகை ரோமம் என்றே பார்க்காமல் வரைந்திருந்தால்

சுருட்டை ரோமத்துக்குக் கோடு ஆகாது, பொட்டுப் பொட்டாகத் தொட வேண்டும். வெல்வெட் மாதிரிக் குட்டை ரோமத்தில் முடியே தெரியாது. கையால் தடவிய திசையைப் பொறுத்து ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். குழந்தையின் விரல் இழுத்துவிட்ட தடம் அதில் அப்படியே இருக்கும், அதை வரைந்துவிட்டால் வேறெதுவும் தேவைப்படாது. தேய்ந்து வழுக்கையான இடத்தில் கீழே இருக்கும் துணியின் நெசவு தெரியும், அங்கே முடி வரைவது மேக்கப் போடுகிற வேலை.

தாளே திரிதிரியாகக் கிளம்பினால்

நிறுத்துங்கள். ஈரத்தில் தேய்க்கத் தேய்க்க இன்னும் கிளம்பும். முழுசாகக் காயவிட்டு, அந்த இடத்தை மட்டும் குவாஷால் மூடலாம். மரக்கூழ்த் தாள் இதற்குச் சீக்கிரம் பணிந்துவிடும், பருத்தித் தாள் தாங்கும். மீசை முடிக்கு மாஸ்கிங் திரவம் (பெயிண்ட் படாமல் தாளை மறைத்துவைக்கும் ரப்பர் திரவம்) போட்டு உரித்தபோது தாள் கிழிந்தது என்றால், பல நாள் விட்டிருப்பீர்கள் அல்லது ஹேர் டிரையரால் சூடு காட்டியிருப்பீர்கள். இனி போட்ட அன்றே எடுத்துவிடுங்கள்.

## கோளாறு 5: வெள்ளைப் பொம்மை அழுக்காகத் தெரிகிறது

மலிவான திருத்தம் பொம்மையில் இல்லை, பின்னணியில் இருக்கிறது. பின்னணி வெள்ளையாகவோ வெளிறியோ இருந்தால் பொம்மையில் நீங்கள் போடும் எந்த நிழலும் அழுக்காகத்தான் தெரியும். பின்னணியை ஒரு படி கருமையாக்குங்கள். பாதிப் படங்கள் இங்கேயே பிழைத்துக்கொள்ளும்.

தேறவில்லையா? நிழலில் கறுப்பு கலந்தீர்களா என்று யோசியுங்கள். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்து நிறைய நீர் விட்டால் வரும் சாம்பல் உயிரோடு இருக்கும். நீலம் கூடினால் குளிர்ச்சி, சியன்னா கூடினால் வெதுவெதுப்பு. ஜன்னல் பகல் வெளிச்சத்தில் நிழல் பெரும்பாலும் வெதுவெதுப்பாகவும், மஞ்சள் விளக்கில் குளிர்ச்சியாகவும் தெரியும். படத்தையும் பொம்மையையும் போனில் கறுப்பு வெள்ளையில் எடுத்து அருகருகே பார்த்தால் நிழல் எவ்வளவு அதிகம் என்பது தெரியும்.

அதிகமாகிவிட்டதை ஈரத் தூரிகையால் தொட்டு டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம். அல்ட்ராமரைன் ஓரளவு வரும். தாலோ நீலம், தாலோ பச்சை மாதிரிக் கறை பிடிக்கும் நிறங்கள் வராது, முயற்சி செய்து தாளைக் கெடுக்காதீர்கள். அவசரத்தில் மேலே வெள்ளை பூசாதீர்கள். கீழே இருப்பது கரைந்து மேலே வந்து சுண்ணாம்பு கலந்த சேறாகிவிடும்.

இன்னொரு சந்தேகமும் பட வேண்டும். அந்தப் பொம்மை இப்போதும் வெள்ளைதானா? பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். சாம்பலும் மஞ்சளும் கலந்த ஏதோ ஒன்றாக இருக்கும். கடையில் வாங்கியபோது இருந்த நிறம் காதின் மடிப்புக்குள் மட்டும் ஒளிந்திருக்கும். குழந்தைக்குத் தெரிந்தது இன்றைய நிறம்தான்.

## கோளாறு 6: நிறம் சேறாகிறது, அல்லது காய்ந்தபின் மாறுகிறது

ஈரம் போகும் முன் மேலே போட்டிருப்பீர்கள். புறங்கையால் தாளைத் தொடுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை. பாதி காய்ந்த நிலையில் தண்ணீர் பட்டால் காலிஃப்ளவர் மாதிரி விளிம்பு பூத்துவிடும். பூத்ததைத் துரத்தாதீர்கள், காய்ந்தபின் ஓரத்தை மட்டும் மென்மையாக்குங்கள். தண்ணீருக்கு இரண்டு டம்ளர் வையுங்கள், ஒன்று கழுவ, ஒன்று கலக்க. ஒரு கலவையில் மூன்று நிறத்துக்கு மேல் போனால் என்னால் அதைக் காப்பாற்ற முடிந்ததில்லை.

அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும். குவாஷில் வெளிறிய நிறம் கருக்கும், கருத்த நிறம் வெளிறும். துண்டுத்தாளில் பூசிக் காயவிட்டுப் பார்க்காமல் முகத்தில் வைக்காதீர்கள்.

## கோளாறு 7: பொம்மை அந்தரத்தில் மிதக்கிறது

தரையைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய, படத்திலேயே மிகக் கருத்த கோடு வேண்டும், அதிலிருந்து நிழல் வெளியே மங்கிப் போக வேண்டும். அது போட்டும் மிதந்தால் பொம்மையின் அடிப்பாகத்தை உருண்டையாக வரைந்திருக்கிறீர்கள். பஞ்சு உட்கார்ந்தால் தட்டையாகும், மெத்தையும் கொஞ்சம் குழியும்.

## கோளாறு 8: கொடுத்த பிறகு வரும் புகார்கள்

தாள் நெளிந்துவிட்டது. 300 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைந்த தாளாக இருக்கும். பின்பக்கத்தை மட்டும் லேசாக ஈரமாக்கி, சுத்தமான தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். குவாஷ் கெட்டியாகப் போட்ட படத்தில் இதைச் செய்யாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.

ஆயில் இன்னும் ஒட்டுகிறது. கெட்டியாகப் போட்டிருப்பீர்கள், அல்லது இருட்டான அறையில் வைத்திருப்பார்கள். வெளிச்சமும் காற்றும் வரும் இடத்தில், தூசி படாமல் வைக்கச் சொல்லுங்கள். குழந்தை தொடுமே என்று அவசரப்பட்டு வார்னிஷ் அடிக்கக் கூடாது. வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காத்திருப்பதுதான் முறை. குழந்தை அறைக்கு என்று தெரிந்தால் நான் ஆயிலையே எடுப்பதில்லை.

ரோஜா நிறம் வெளிறிவிட்டது. டியூபில் நிறமிக் குறியீடு பிஆர் 83 (PR 83) என்று இருந்தால் அது பழைய அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் நிற்காது. பளீரென்று ஒளிரும் பிங்க் நிறங்களும் அப்படித்தான். போன நிறம் திரும்பாது. அந்தக் காதை வேறு நிறமியால் மறுபடி பூச வேண்டும், படத்தை வெயில் நேராகப் படாத சுவருக்கு மாற்ற வேண்டும்.

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஃபிரேமுக்குள் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் (இடைவெளி விடும் அட்டைச் சட்டம்) வைக்கவில்லை. இழுக்காதீர்கள். ஃபிரேமோடு அப்படியே ஓவியப் பாதுகாப்பு நிபுணரிடம் போக வேண்டும்.

அக்ரிலிக் பட்டையாக உரிகிறது. ஆயில் மேல் அக்ரிலிக் பூசியிருப்பீர்கள். அக்ரிலிக் மேல் ஆயில் நிற்கும், ஆயில் மேல் அக்ரிலிக் நிற்காது. பசை வைத்து ஒட்டப் பார்க்காமல் புதிதாக வரைந்து கொடுங்கள், ஸ்கெட்ச் கையில் இருக்கிறதே.

பூஞ்சை பிடித்திருக்கிறது. துடைக்கவே கூடாது, துடைத்தால் பரவும், நிறமும் வரும். மற்றப் படங்களிலிருந்து பிரித்து உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். லேசான புள்ளிகளாக இருந்தாலும் இது காகித ஓவியங்களைப் பழுதுபார்க்கும் நிபுணரின் வேலை. கொண்டுபோகும் முன் படத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் புகைப்படம் எடுத்து, எந்தத் தாள், எந்த பெயிண்ட், எந்த வருடம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.